பக்கத்து மொபைலுக்கு ஒரு தோணி

2006-ல் தூத்துக்குடிக் கரையில் ஒரு கேபிள் ஏறியது. பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து மன்னார் வளைகுடாவின் அடியில் போட்ட ‘பாரத் லங்கா’ கண்ணாடியிழைக் கேபிள் அது. ஒரு முனை கொழும்பை ஒட்டிய கல்கிசையில், மறுமுனை நம்மூரில். நடுவில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். எடுத்த எடுப்பிலேயே நொடிக்கு 40 கிகாபிட் போகும் திறன். ஒரு சினிமாப் பாட்டு நாலு எம்.பி. என்று வைத்துக் கணக்குப் போட்டால், நொடிக்கு 1,250 பாட்டு கொழும்புக்குப் போகலாம்.

அதே சமயத்தில் அதே ஊரில், டீக்கடை பெஞ்சில் அருகருகே கிடக்கும் இரண்டு நோக்கியா போன்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே ஒரு பாட்டை அனுப்ப என்ன பாடு பட்டார்கள் என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் ப்ளூடூத்தைப் போட வேண்டும். தேடவிட வேண்டும். தேடினால் கடையில் இருக்கிற அத்தனை பேருடைய போனும் பட்டியலில் வந்து நிற்கும். மாடல் பெயரை மாற்றாமல் வைத்திருப்பவர்களே அதிகம் என்பதால் ஒரே பெயரில் மூன்று நாலு வரும். சரியானதைப் பிடித்து, இரண்டு பேரும் ஒரே எண்ணை அடித்து, ‘வாங்கிக்கொள்ளவா’ என்று அது கேட்பதற்குச் சரி சொல்லி, பிறகு கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். தொடக்ககால ப்ளூடூத்தின் உச்ச வேகம் நொடிக்கு 723 கிலோபிட். பாட்டு ஒன்றுக்கு நடைமுறையில் ஒரு நிமிஷமாவது ஆகும். யாராவது போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டால் முதலிலிருந்து.

கடலைத் தாண்டுவது லேசாகவும் பெஞ்சைத் தாண்டுவது பாடாகவும் இருப்பது தூத்துக்குடிக்குப் புதிதில்லை. இந்த ஊர்த் துறைமுகமே அப்படித்தான் பிழைத்தது. கரையோரம் ஆழம் இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் வந்த நீராவிக் கப்பல், ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றுவிடும். அதற்கு மேல் வந்தால் தரை தட்டும். 1876-ல் ரயில் வந்த பிறகு கரிசல் காட்டுப் பருத்தி ஊருக்குள் வந்து குவிந்தது. ஆனால் பிரஸ்ஸில் அழுத்திக் கட்டிய பேல் வண்டியில் ஏறி, வண்டியிலிருந்து தோணியில் ஏறி, தோணியிலிருந்து கயிற்றில் தொங்கித்தான் கப்பலுக்குள் போக முடிந்தது. உள்ளே வரும் சரக்குக்கும் அதே பாடு, எதிர்த்திசையில். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து கொழும்புக் கப்பல் பிடித்த பயணிகளும் சின்னப் படகில் ஏறித்தான் பெரிய கப்பலுக்குப் போனார்கள். 1914-ல் பாம்பன் பாலம் வந்து அந்தப் போக்குவரத்தே தனுஷ்கோடிப் பக்கம் திரும்பும் வரை இதுதான் நடைமுறை. வ.உ.சி. கொண்டுவந்த காலியா, லாவோ என்ற கப்பல்களும்கூட இதற்கு விதிவிலக்கில்லை.

தோணியின் கெட்டிக்காரத்தனம் வேகத்தில் இல்லை. அதற்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். கரையின் ஆழம் எவ்வளவோ அவ்வளவில் மிதந்து படகுத்துறைப் பாலத்தை ஒட்டி நிற்கும். ஆழத்தில் நிற்கிற கப்பலின் விலாவிலும் போய் அணையும். இரண்டு பக்கத்தில் யார் இளைத்தவரோ அவருடைய அளவுக்குத் தன்னைக் கட்டிக்கொண்ட வண்டி. 1974 ஜூலை 11-ல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, கடலுக்குள் நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே கப்பல்கள் நேரடியாக வந்து அணைய ஆரம்பிக்கும் வரை, இந்த ஊரின் ஏற்றுமதி இறக்குமதி முழுக்க அந்த இளைத்த வண்டியின் தோளில்தான் கிடந்தது.

கோப்புக்கு அப்படி ஒரு தோணி கட்டப்பட்டது 1981-ல், நியூயார்க்கில்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்போது மாணவர்கள் எல்லோரும் சில பெருங்கணினிகளைத்தான் பகிர்ந்துகொண்டார்கள். வட்டில் இடம் அநியாய விலை. ஒரு மாணவருக்கு ஒதுக்கியது சில பத்து கிலோபைட். இன்று வாட்ஸாப்பில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ பூ அதற்குள் அடங்காது. பருவம் முடிந்ததும் இருப்பதையும் துடைத்துவிடுவார்கள். பையன்கள் தங்கள் வேலையைத் தாங்களே எடுத்துப் போகட்டும் என்று ஃப்ளாப்பி போடக்கூடிய சிறு கணினிகளை வாங்கி வைத்தார்கள். சூப்பர்பிரெய்ன் என்று அதற்குப் பெயர். வாங்கிய பிறகுதான் கேள்வி வந்தது: பெருங்கணினியில் இருக்கும் கோப்பு இந்தச் சின்னப் பெட்டிக்கு எப்படி வரும்?

இரண்டையும் இணைக்கும் கம்பி ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது மனிதர்கள் எழுத்து அடிப்பதற்காகப் போட்ட கம்பி. சில எழுத்துகளைக் கணினி எழுத்தாகவே பார்க்காது, கட்டளையாக எடுத்துக்கொள்ளும்: நிறுத்து, அழி, அடுத்த வரிக்குப் போ. அங்கே இருந்த இரண்டு வகைப் பெருங்கணினிகளில் ஐ.பி.எம். எழுத்துக்கு வைத்திருந்த எண்ணே வேறு; மற்றதற்கு 65 என்றால் ‘ஏ’, இதற்கு அது வேறெதுவோ. போதாக்குறைக்கு, ஒரு பைட்டில் எட்டு பிட் இருந்தால் சில கம்பிகளில் ஏழுதான் தேறும். எட்டாவது வழியிலேயே விழுந்துவிடும்.

ஃபிராங்க் டா க்ரூஸ், பில் கேச்சிங்ஸ் என்ற இருவர் இதற்கு ஒரு நெறிமுறை எழுதினார்கள். அதன் அடிப்படை யோசனை ஒன்றுதான்: எதிர்ப்பக்கம் இருப்பவன் எவ்வளவு இளைத்தவனாகவும் இருக்கலாம், விசைப்பலகையில் அடிக்கக்கூடிய சாதாரண எழுத்துகளைத் தவிர வேறெதையும் அவன் தாங்கமாட்டான் என்று எடுத்துக்கொள். கோப்பில் எது இருந்தாலும் அதைச் சாதாரண எழுத்தாக மாற்றி அனுப்பு. அந்தப் பக்கம் திருப்பி மாற்றிக்கொள்ளட்டும். வரி முடிவைக் குறிக்கும் 13 என்ற எண்ணை அப்படியே அனுப்பினால் ஆபத்து. அதனால் # போட்டு, பக்கத்தில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தை வைத்து அனுப்பும். எட்டாவது பிட் விழுந்துவிடும் இடமானால் முன்னால் ஒரு & போடும். இன்றைய யுனிகோடுத் தமிழில் ‘த’ என்ற ஒரு எழுத்து மூன்று பைட். அதை அந்தக் காலத்து ஏழு பிட் கம்பியில் இந்த நெறிமுறையின்படி ஏற்றினால் இப்படிப் போகும்:

&`&.&$

பார்க்க ஏதோ கோபத்தில் அடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் இதில் உள்ள ஆறு குறிகளில் எதையும் எந்தக் கணினியும் கட்டளை என்று தப்பாக எடுத்துக்கொள்ளாது. மறுகரையில் ‘த’ முழுசாக இறங்கும்.

சரக்கை மொத்தமாக அள்ளிப் போடவும் இல்லை. சின்னச் சின்னப் பொட்டலம். ஒரு பொட்டலத்தின் நீளக் கணக்கு 94 எழுத்தைத் தாண்டாது. அது ஏன் 94? நீளத்தையும் ஒரே எழுத்தில் சொல்லியாக வேண்டும், அடிக்கக்கூடிய எழுத்துகளின் கையிருப்பு அவ்வளவுதான். ஒவ்வொரு பொட்டலத்திலும் எத்தனையாவது என்ற எண், கடைசியில் சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகை. வாங்கியவன் ‘வந்தது’ என்று சொன்னால்தான் அடுத்தது புறப்படும். ‘கெட்டுப்போச்சு’ என்றால் அதையே மறுபடி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அறிமுகப் பொட்டலம்: என்னால் இவ்வளவு முடியும், உன்னால் எவ்வளவு முடியும்? இரண்டில் எது குறைவோ அதில் பேச்சு முடியும்.

சுவரில் தொங்கிய காலண்டரில் மப்பெட்ஸ் நிகழ்ச்சியின் பச்சைத் தவளை இருந்தது; அதன் பெயரையே வைத்துவிட்டார்கள்: கெர்மிட். பொம்மை நிறுவனத்திடம் அனுமதியும் வாங்கினார்கள். விற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நாடாச் செலவுக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் தங்கள் ஊர்க் கணினிக்கு அதை எழுதித் திருப்பி அனுப்பினார்கள். சில வருஷத்தில் கெர்மிட் ஓடாத கணினி அரிதாகிவிட்டது. 1990-ல் வந்த எச்.பி. 48 கால்குலேட்டருக்குள்கூடக் கெர்மிட் இருந்தது. மெதுவானது என்று கேலி செய்தார்கள். அதில் உண்மையும் உண்டு. மூன்று பைட்டை ஆறாக்கிச் சுமப்பவன் எப்படி ஓடுவான்? ஆனால் யாரோடும் ஒத்துப்போகும் என்பது அந்த மெதுவுக்குள்தான் இருந்தது.

இதே யோசனை நம் துறைமுகத்துக்குள்ளும் இன்றுவரை ஓடுகிறது, பலர் கவனிப்பதில்லை. தூத்துக்குடியில் ஏறும் கன்டெய்னர்களில் பல சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். எந்தப் பெட்டி கப்பலின் எந்த வரிசையில் எந்த அடுக்கில் இருக்கிறது, எவ்வளவு எடை என்ற விவரம் முழுக்க ஒரு கோப்பாக முன்னாலேயே போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அங்கே கிரேன்காரர் எதைத் தொடுவார்? உலகம் முழுக்க இதற்குப் பயன்படும் கோப்புக்கு ‘பேப்ளி’ என்று பெயர். ஐ.நா. முன்னின்று 1980-களில் உருவாக்கிய எடிஃபாக்ட் என்ற தரத்தில் எழுதுவது. அதன் ஆக எளிய எழுத்துத் தொகுப்பில் சிறிய ஆங்கில எழுத்துகளுக்குக்கூட இடம் கிடையாது. பெரிய எழுத்து, எண், கொஞ்சம் நிறுத்தக்குறி, அவ்வளவுதான். எந்தத் துறைமுகத்தின் எந்தப் பழைய கணினியும் அதைப் படித்துவிட வேண்டும் என்ற கவலையில் பிறந்த தரம். பார்க்க அசிங்கமாக இருக்கும். வேலை நடக்கும்.

தமிழுக்கு இந்த விஷயத்தில் தனியாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நமக்குக் கோப்பு போய்ச் சேர்வது பாதி வேலைதான். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக்குக் கோப்பைக் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும். வீட்டில் அழகாக இருந்த ‘திருவளர்ச்செல்வன்’ கடைக் கம்ப்யூட்டரில் ஆங்கிலப் புள்ளியும் கொம்புமாக விரியும். “எந்த ஃபான்ட்ல அடிச்சீங்க அண்ணாச்சி? அந்த ஃபான்ட்டையும் கொண்டாங்க” என்பார் கடைக்காரர். பாமினி ஒரு கணக்கு, வானவில் ஒரு கணக்கு, ஸ்ரீலிபி வேறொரு கணக்கு. ஒவ்வொரு எழுத்துருவும் ‘அ’வுக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணை வைத்திருந்தது. யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கப்புறமும் தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் ஈழத்திலும் கனடாவிலும் இருந்த தமிழர்கள் டிஸ்கி, டாம், டாப் என்று வேறு வேறு குறியாக்கங்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். யுனிகோடும் டேஸ்-16 என்ற குறியாக்கமும்தான் இனித் தரம் என்று தமிழக அரசு ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. அச்சுக்கடைகளுக்கு அந்த ஆணை இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. பழைய எழுத்துருவில் அடித்துப் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுப்பதுதான் அங்கே இன்றும் நடக்கும் சமாதானம்.

கெர்மிட் கம்பியின் காலத்துப் பிள்ளை. கம்பியை எடுத்துவிடும் ஆசை மெதுவாகத்தான் வந்தது. 1980-களில் வந்த லேப்லிங்க் என்ற மென்பொருள் ஒரு கேபிளோடு பெட்டியில் விற்றது. மேஜைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே அதைச் செருகினால் கோப்பு தாண்டும். நல்ல வியாபாரம். ஆனால் ஆளுக்கு ஒரு கேபிளைப் பையில் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? டிவி ரிமோட்டில் இருக்கும் அகச்சிவப்பு ஒளி கண்ணில் பட்டது. 1993-ல் நிறுவனங்கள் கூடி இர்டா என்ற சங்கம் அமைத்து அதற்கு விதி எழுதின. 1998-ல் வந்த பாம்-3 கையடக்கக் கருவியில் இரண்டு பேர் நேருக்கு நேர் நீட்டினால் விசிட்டிங் கார்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. ஐரோப்பிய, அமெரிக்க ஆபீஸ்களில் அது கொஞ்ச காலம் ஒரு பகட்டு. நம் பக்கம் வந்த நோக்கியாக்களிலும் தலைமாட்டில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும். இரண்டு போனையும் தலையோடு தலை வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கை ஆடினால் போச்சு.

அந்தச் சங்கம் விட்டுப்போன உருப்படியான சொத்து ஒளி அல்ல, ஓபெக்ஸ் என்ற ஒரு சின்ன நெறிமுறை. பொருளைக் கொடு, பொருளை வாங்கு: இரண்டே வேலை. முதலில் பெயரும் நீளமும் சொல்லும். பிறகு துண்டு துண்டாகச் சரக்கு. முடிந்ததும் முடிந்தது என்று ஒரு குறி. ப்ளூடூத் வந்தபோது கோப்பு அனுப்புவதற்குப் புதிதாக எதையும் யோசிக்காமல் இதையே எடுத்துக்கொண்டது. இன்று ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் வழியாகப் படம் வரும்போது ‘இன்ன பெயர், இவ்வளவு எம்.பி., வாங்கிக்கொள்ளவா’ என்று கேட்கிறதே, அது அந்த ரிமோட் ஒளிக் காலத்து மரியாதை.

ப்ளூடூத்தைப் பெற்றவர்கள் கோப்பை நினைத்து அதைப் பெறவில்லை. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-ல் யாப் ஹார்ட்சன் முதலானோர் தேடியது காதுக்கருவிக்கும் போனுக்கும் நடுவே தொங்கும் வயருக்கு மாற்று. 1998-ல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஐந்தும் சேர்ந்து அதைப் பொதுச் சொத்தாக்கின. பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஒருவருடையது. பிரிந்து கிடந்த கூட்டங்களைச் சேர்த்துவைத்தவராம். அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், அடுப்பங்கரை மைக்ரோவேவும் வைஃபையும் முண்டுகிற அதே இடம். அந்தச் சந்தடியில் காது கேட்க ப்ளூடூத் ஒரு தந்திரம் செய்தது: 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே பேசும். ஒரு தடத்தில் இரைச்சல் என்றால் அடுத்ததில் தப்பிக்கும்.

தூத்துக்குடி மாதிரி ஊர்களில் இதெல்லாம் வேகமாகப் பரவியதற்குக் காரணம் கணினி இல்லாததுதான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, இன்டர்நெட் நெட் சென்டரில், கையில் போன் மட்டும் இருக்கிறது. அந்தப் போனுக்குள் பாட்டு எங்கிருந்து வரும்? ஒன்று நண்பனிடமிருந்து ப்ளூடூத்தில். இல்லையென்றால் மொபைல் கடையில். ‘பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள்.

“அண்ணாச்சி, பாட்டு ஏத்தணும்.”

“எத்தன ஜி.பி. கார்டு?”

“ரெண்டு.”

“இளையராஜாவா புதுசா?”

“பாதிப் பாதி போடுங்க. எங்கம்மாவுக்கு மாதா பாட்டு இருந்தா அதும்.”

நகம் அளவு மெமரி கார்டைக் கழற்றி, ரீடரில் செருகி, கடைக்காரர் தன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போடுவார். கேட்டதோடு கேட்காததும் வரும். காப்புரிமைக்காரர்கள் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், நியாயம்தான். ஆனால் அநேகமாக எந்தக் கம்பெனியின் போனாக இருந்தாலும் அந்தக் கார்டு உள்ளே போனது, பாட்டு பாடியது. என்னைக் கேட்டால் கோப்புப் பரிமாற்றம் சாதாரண ஜனங்களுக்கு மிகச் சுலபமாக இருந்தது அந்தக் காலம்தான்.

பிறகு வந்த போன்கள் ஆயிரம் மடங்கு கெட்டிக்காரத்தனமானவை. அவை வந்ததும் அவற்றுக்கிடையே பேச்சு நின்றது. ஐபோனில் ப்ளூடூத் உண்டு, ஆனால் மற்ற போனுக்குப் படம் அனுப்பும் ஓபெக்ஸ் வழியை ஆப்பிள் அதில் திறக்கவே இல்லை. மெமரி கார்டுக்கு ஓட்டையும் இல்லை. 2011-ல் ஏர்டிராப் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் மேக் கணினிகளுக்குள் மட்டும். 2013-ல் ஐபோனுக்கு வந்தது, அதுவும் ஐபோனுக்குள். மேக்கும் ஐபோனும் ஒன்றுக்கொன்று ஏர்டிராப் செய்ய இன்னொரு வருஷம் ஆனது. வேலை பிரமாதம், அதில் சந்தேகமில்லை: குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கும், ஆள் கிடைத்ததும் இரண்டு கருவிகளும் நடுவில் ரவுட்டர் எதுவும் இல்லாமல் தங்களுக்குள் வைஃபை போட்டுக்கொண்டு சரக்கை அதில் தள்ளும். ஆள் பிடிக்க ஒன்று, சுமக்க ஒன்று. பிறகு வந்தவர்களில் பலரும் இந்த ஏற்பாட்டையே பின்பற்றினார்கள். ஆனால் ஆப்பிள் வேலிக்கு வெளியே இருக்கும் போன் பக்கத்திலேயே கிடந்தாலும் வெகு காலம் அதன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

1981-ல் கொலம்பியாவில் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளாததற்குக் காரணம் இயலாமை. முப்பது வருஷம் கழித்து இரண்டு போன்கள் பேசிக்கொள்ளாததற்குக் காரணம் மனசில்லாமை. ஆழமில்லாமல் தூரத்தில் நின்ற கப்பலுக்குத் தோணி போதும். ஆழம் இருந்தும் உள்ளே விடாத துறைமுகத்துக்கு என்ன செய்வது?

மனசில்லாமை கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் உரியது என்றும் சொல்ல மாட்டேன். விசைப்படகில் ஜி.பி.எஸ். இப்போது சாதாரணம். எந்தக் கடலடிப் பாரில் வலை போட்டால் மீன் படும், எங்கே வலை சிக்கும் என்பதைக் கருவியில் குறித்துவைத்திருப்பார்கள். பனிமய மாதா கோவில் கோபுரத்தையும் கரையிலுள்ள வேறு அடையாளங்களையும் கண்ணால் கோத்து இடம் பிடித்த தாத்தாக்களின் அறிவு இன்று இரண்டு எண்களாகிவிட்டது. அதைவிடச் சுலபமாகப் பரிமாறக்கூடிய கோப்பு உலகத்தில் கிடையாது: வாயால் சொன்னாலே போதும், எழுதிக்கொண்டு தன் கருவியில் அடித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட குறிகளைக் கருவிக்குக் கருவி மாற்ற 2002-லேயே ஜி.பி.எக்ஸ். என்று பொதுவான கோப்பு வடிவமும் வந்துவிட்டது. ஆனால் நல்ல பாரின் எண்ணை யார் யாருக்குச் சொல்வார்கள்? அண்ணன் தம்பிக்குச் சொன்னால் பெரிது.

ஆண்ட்ராய்டு பக்கமும் லட்சணம் ஒன்றும் பிரமாதமாக இல்லை. 2011-ல் முதுகோடு முதுகு ஒட்டினால் போகும் ‘பீம்’ என்று கூகுள் ஒன்றைக் கொண்டுவந்தது. யாரும் சீந்தாமல் ஆண்ட்ராய்டு பத்தாவது பதிப்போடு அது செத்தது. அந்த இடைவெளியில் நுழைந்தவை ஷேர்இட், ஸெண்டர் போன்ற சீனச் செயலிகள். அவற்றின் தந்திரம் ரொம்ப எளிது. ஒரு போன் ஹாட்ஸ்பாட் ஆகும், மற்றது அதில் போய் ஒட்டும், வைஃபை வேகத்தில் கோப்பு பாயும். ப்ளூடூத்தில் மணிக்கணக்கில் போகும் முழுப் படம் சில நிமிஷத்தில் போய்விடும். டேட்டா செலவு ஒரு பைசா கிடையாது. கல்லூரி ஹாஸ்டலில் ‘ஷேர்இட் பண்ணு’ என்பது வினைச்சொல்லாகவே ஆனது. கூடவே விளம்பரம், வீடியோ, விளையாட்டு என்று அந்தச் செயலி ஊதிப் பெருத்ததும் உண்மை. 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் ஷேர்இட்டும் ஸெண்டரும் இருந்தன. ஐந்தாறு வாரத்தில், ஆகஸ்டில், கூகுள் தன்னுடைய ‘நியர்பை ஷேர்’ என்பதை வெளியிட்டது. அது எத்தனையோ மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்த விஷயம், தடைக்காகச் செய்ததல்ல. ஆனாலும் நம் ஊரில் காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்தது அதுதான். 2024 தொடக்கத்தில் சாம்சங்கின் குயிக் ஷேரும் அதுவும் ஒரே பெயருக்குள் வந்தன.

இதற்கிடையில் ஜனங்கள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா தண்ணீரானதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவது என்று ஆனது. ஒரே பெஞ்சில் இருக்கும் இரண்டு போன்களுக்கு நடுவே படம் எங்கோ இருக்கும் சர்வரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. சுற்றட்டும், யாருக்கு நஷ்டம்? நஷ்டம் படத்துக்குத்தான். வாட்ஸாப் அதைப் பிழிந்து சின்னதாக்கித்தான் அனுப்பும். ஸ்டுடியோவில் ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனால் முதல் வார்த்தையே இதுதான்: “போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க. கிளாரிட்டி போயிரும்.” அறுபது வயது ஆச்சி முதல் பத்தாவது படிக்கும் பையன் வரை தெரிந்துவைத்திருக்கும் இந்த ஒரு வாக்கியம், நாற்பது வருஷத் தொழில்நுட்பம் எங்கே வந்து நிற்கிறது என்பதற்குச் சாட்சி. 2022-ல் அந்த டாக்குமென்ட்டின் அளவை 100 எம்.பி.யிலிருந்து 2 ஜி.பி.க்கு உயர்த்தினார்கள், அது ஒரு ஆறுதல்.

கெர்மிட்டின் குணத்தோடு இன்று ஒன்றைத் தேடினால் லோக்கல்சென்ட் என்ற செயலியைச் சொல்வேன். இலவசம், மூல நிரல் திறந்து கிடக்கிறது, விளம்பரம் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். கருவிகள் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். அந்த வைஃபைக்கு இன்டர்நெட் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றவர் சேர்ந்தாலும் சரிதான். இரண்டு பேரும் முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும் என்பது ஒன்றே வில்லங்கம். அவசரத்தில் படம் கேட்கிற மாமாவிடம் ‘முதலில் பிளே ஸ்டோருக்குப் போங்க’ என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார்.

வேலி ஒரு இடத்தில் பிரிந்தது 2025 நவம்பரில். தன் பிக்சல்-10 போனின் குயிக் ஷேர் இனி ஐபோனின் ஏர்டிராப்போடு பேசும் என்று கூகுள் அறிவித்தது. ஆப்பிளின் துணையில்லாமல் தானே செய்ததாகவும் சொன்னது. ஒரு நிபந்தனை உண்டு. ஐபோன்காரர் தன் ஏர்டிராப்பை ‘எல்லோருக்கும், பத்து நிமிஷம்’ என்ற நிலையில் வைக்க வேண்டும். பத்து நிமிஷம் கழிந்தால் அது தானாக மூடிக்கொள்ளும். முதலில் 2022-ல் சீனாவில் போட்டு, பிறகு உலகத்துக்கே விரித்த பூட்டு அது. இந்த வசதி வந்த போன் இல்லாதவர்கள், அதாவது நம் ஊரில் பெரும்பாலானவர்கள், இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் குயிக் ஷேர், இரண்டும் ஐபோன் என்றால் ஏர்டிராப், ஆளுக்கொன்று என்றால் டாக்குமென்ட்டாக வாட்ஸாப் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.